இருங்கோ ஐயா, இருங்கோ

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு வெள்ளைக்கார மிஷனரி தம்பதி குடியிருந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டிய வயதில், கடல் கடந்து வந்து கொட்டாஞ்சேனையில் எங்கள் சின்னச் சபைக்கு ஊழியம் செய்தார்கள். வந்த கிழமையே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "எங்களோடு இங்கிலீஷ் வேண்டாம் டீச்சர். தமிழ் மட்டும்." ஓய்வுபெற்ற தமிழ் டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? அவர்கள் வாயைத் திறந்தால் நான் பிழை பிடித்தேன்.

சபையில் அவர்களை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டார். ஐயாவுக்குத்தான் ரகரமும் றகரமும் கடைசிவரை பிடிபடவில்லை. காதும் மந்தம். ஒரு ஞாயிறு, பாட்டு முடிந்ததும், எழும்பி நின்ற சபையைப் பார்த்துக் கையை விரித்து, "எல்லாரும் இறங்குங்கோ" என்றார். உட்காரச் சொல்லி 'இருங்கோ' என்று சொல்லத்தான் நினைத்தார், பாவம். "எந்த பஸ் ஹோல்ட்டில ஐயா?" என்று கடைசி வாங்கில் இருந்து யாரோ கேட்க, சபை குலுங்கிச் சிரித்தது. ஐயாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருங்கோ, இறங்குங்கோ, இருங்கோ, இறங்குங்கோ என்று அடுத்த நாளிலிருந்து சொல்ல வைத்து அவர் உயிரை வாங்கினேன். ஒன்றும் ஏறவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் காட்டு யானை பார்க்க வேண்டும் என்று இருவரும் ஒரே பிடியாக நின்றார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு வாடகை வானில் யால பக்கம் புறப்பட்டார்கள். சாரதி ஒரு சிங்களவர், நிதானமான மனுசன். வழியில் அம்மா சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வாங்கி என் காலடியில் வைத்தார்.

புத்தல தாண்டிக் கதிர்காமம் போகும் காட்டு றோட்டில் யானைகள் வாகனங்களை மறித்துக் கப்பம் வாங்கும். பழம் கொடுத்தால்தான் வழி. எங்களையும் ஒரு கொம்பன் மறித்தது. பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் எடுக்க முடியாது. சாரதி ஹோர்னில் கை வைக்கவில்லை.

கதவோரம் இருந்த ஐயா கமராவைத் தூக்கிக்கொண்டு அரைவாசி எழும்பினார். "இருங்கோ ஐயா! இருங்கோ!" என்று கத்தினேன்.

அந்த மனுசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னதைச் செய்கிற நல்ல பிள்ளையின் முகம். கதவை இழுத்துத் திறந்து இறங்கிவிட்டார்.

"பஹின்ன எப்பா! பஹின்ன எப்பா!" இறங்க வேண்டாம் என்று சாரதி சிங்களத்தில் கெஞ்சினார். ஐயாவுக்குச் சிங்களம் எங்கே தெரியும்? இங்கிலீஷில் ஒரு சொல் சொன்னால் போதும். இவ்வளவு காலமும் அதை அடக்கி அடக்கியே பழகிய என் வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை.

யானை காதாட்டுவதை நிற்பாட்டியது. ஐயா யானையைப் பார்க்கவில்லை. சரியாகச் செய்தேனா என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். யானை ஒரு அடி முன்னால் வைத்தது. தும்பிக்கையை நீட்டினால் அவர் தொப்பி எட்டும்.

அப்போது அம்மா எழும்பினார். அவர் சட்டையை எட்டிப் பிடித்தேன். "ஐயோ அம்மா, நீங்களாவது இருங்கோ!" அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டு இறங்கினார். புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பயமா ஆத்திரமா தெரியாது, காலடியில் கிடந்த பழச் சீப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மற்றப் பக்க ஜன்னலால் வீசினேன். "இந்தா தின்! தின்னு துலை!" கொம்பன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பழத்தின் பக்கம் திரும்பியது. சாரதி பாய்ந்து வந்து ஐயாவின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். கடைசியாகத்தான் அம்மா ஏறினார். திரும்பி வரும் வழியில் ஐயாவுக்கு அம்மாதான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஆராதனை முடிந்ததும் வாசலில் அம்மாவை மறித்துக்கொண்டேன். அடக்கி வைத்த கோபமெல்லாம் கொட்டியது.

"அவருக்குக் காது கேக்காது, விளங்காது, சரி. உங்களுக்கு என்ன? நான் இருங்கோ எண்டுதானே சொன்னனான்? உங்களுக்குமா விளங்கேல்ல?"

"விளங்கினது டீச்சர். இருங்கோ எண்டுதான் சொன்னீங்கள்." உள்ளே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஐயாவை அம்மா ஒருதரம் பார்த்தார். "ஆனா அவர் இறங்கிற்றார். நான் எப்பிடி இருக்கிறது?"

எதிலும் பிழை பிடிக்கிற எனக்கு, அந்த வசனத்தில் ஒரு பிழையும் அகப்படவில்லை.