கெபிக்குப் பின்னால் நின்ற மாலை

1936 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, லூர்து மாதா திருநாள். அன்றும் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, முகம் மழித்து, முதல் பூசை கண்டுவிட்டு, பெங்களூர் கன்டோன்மென்டில் நான் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்த ஆபீசுக்கு நடந்தே போனேன். பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்தேன். ஆனால் ஒரு கோடும் மனசுக்குப் பிடித்தமாக விழவில்லை.

காரணம், எங்கள் தெருவில் புதிதாக வந்த இரண்டாவது கெபி.

முதல் கெபி என்னுடையது. லூர்து மாதா காட்சி தந்த குகையைப் போல வீட்டு முற்றத்தில் கட்டியிருந்தேன். நூல் பிடித்து, ஒரே அளவாகக் கல் கொத்தி, இடுக்கெல்லாம் சிமென்ட் பூசியது. திருநாள் மாலையில் கோயிலிலிருந்து புறப்படும் ஜெபமாலைப் பவனி அங்கேதான் முடியும். மெழுகுவத்தியோடு தெருவே என் வாசலில் முழந்தாளிடும். அந்தப் பெருமை எனக்கு ஆண்டு முழுவதும் போதும்.

எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர் தானும் ஒரு கெபி கட்டவென்று, சூளையில் உருகி ஒட்டிப்போன செங்கல் கட்டிகளை மாட்டு வண்டியில் கொண்டுவந்து குவித்தபோது நான் சிரித்தேன். அளவும் இல்லை, நூலும் இல்லை. பாடிக்கொண்டே கட்டினார். மழைக்காலம் போனதும் அந்தக் கறுத்த குகையில் பாசியும் பெரணியும் படர்ந்தன. மாதாவின் காலடியில் எங்கிருந்தோ நீர் சொட்டியது. மாலை வெயில் உள்ளே விழுந்தால் ஈரக்கல் மின்னும். அடுத்த தெருக்காரர்கள்கூட வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஆண்டுப் பவனி அங்கே முடியும் என்று சாமியார் பூசையில் அறிவித்துவிட்டார்.

அதையும் பொறுத்திருப்பேன். என் மனைவியும் தினமும் காலையில் அங்கேதான் ஜெபம் சொல்லப் போனாள்.

"நம்ம கெபிக்கு இன்னா குறைச்சல்?" என்று கேட்டேன்.

"குறைச்சலே இல்லீங்க. தபாலாபீஸ் கவுன்ட்டர் மாதிரி சுத்தமா கீது. அங்க போனா மனசு கரையுது, அவ்ளோதான்."

திருநாள் மாலை தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். தெரு காலியானதும் எதிர்வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தேன். அந்த நீரின் ரகசியம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கெபிக்குப் பின்னால் ஏணி சாத்தியிருந்தது. ஏறிப் பார்த்தால், கட்டிகளுக்கு நடுவே ஒரு மண்ணெண்ணெய் டின். அடியில் ஆணித் துளை, துளையில் பஞ்சுத் திரி. இவ்வளவுதானா! அதுவும் டின் வறண்டு கிடந்தது. பவனி அவசரத்தில் மனிதர் தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறார்.

எனக்கு அப்போது உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. எல்லோரும் வந்து காய்ந்த கல்லைப் பார்க்கட்டும் என்று இறங்கி, கேட் வரை போய்விட்டேன். தெருமுனையில் பாட்டு கேட்டது. பெண்களின் குரல்களில் என் மனைவியின் குரல் தனியாகத் தெரிந்தது. அவள் வாய்விட்டுப் பாடி நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

திரும்பி ஓடினேன். கிணற்றில் இறைத்து, குடத்தோடு ஏணி ஏறி ஊற்றினேன். பாதித் தண்ணீர் என் சட்டையில். சொட்டு விழத் தொடங்குவதற்கும் பவனி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. இனி வெளியேற வழியில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றேன்.

கெபியை எப்போதும் முன்னால் நின்று பார்த்தவன் நான். மாதா நிற்கும் இடத்திலிருந்து ஜனங்களைப் பார்த்தது அன்றுதான். முன்வரிசையில் என் மனைவி. வத்தி வெளிச்சத்தில் அப்படியொரு முகம். அந்த முகத்தை வீட்டில் நான் கண்டதேயில்லை. மறுபடியும் பொறாமை வந்தது. இந்த முறை பேக்கரிக்காரர் மேல் அல்ல. அதைத் தினமும் பார்க்கக் கொடுத்துவைத்த மாதா சுரூபத்தின் மேல்.

கூட்டம் கலைந்ததும் பேக்கரிக்காரர் பின்பக்கம் ஓடி வந்தார். என்னைக் கண்டு திகைத்தார்.

"அண்ணே! உனுக்குத் தலைவலின்னாங்களே?" நனைந்த சட்டையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். "பாதி வழியிலதான் நெனப்பு வந்துச்சுண்ணே. அப்பால ஒரு பாட்டும் வாயில வரல."

"திரிய மாத்து. சொட்டு ஒழுங்கா விழல."

"அதான பார்த்தேன், குத்தம் சொல்லாம போவியா நீ!" என்று சிரித்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய கெபி மேல் எனக்கிருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக எதிர்வீட்டுக்குப் போய் என் மனைவியின் பக்கத்தில் முழந்தாளிட்டேன். பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த முகம் பாதிதான் தெரியும், அந்தப் பாதிக்கே நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.