ஒழுகாத குல்லா

படகுத்துறையிலிருந்து சந்தை மைதானத்துக்கு ஐந்நூறு படிகள். அத்தனையையும் குல்லா பின்னிக்கொண்டேதான் ஏறுவார் சில்வேரியோ வாட்டா. எதிரே வருகிறவர் மரியாதைக்கு நாலு கோகா இலை நீட்டினால் வாங்கி வாயில் அதக்கிக்கொள்வார். கை ஊசிக்கு உடனே திரும்பிவிடும்.

ஏரி நடுவே இருக்கும் டக்கீலே தீவில் குல்லா பின்னுவது ஆண்பிள்ளை வேலை. முழுச் சிவப்பு என்றால் கல்யாணமானவன். மேல்பாதி வெள்ளை என்றால் பெண் தேடுகிறவன். சில்வேரியோ நாலு பிள்ளை பெற்றவர், ஆகவே சிவப்பு. அதைக் கழற்றி அவர் தலையைக் கண்டவர் ஊரில் இல்லை.

சந்தையில் தீவுக்காரர்களின் பொதுக்கடைக்கு வரும் சரக்கைத் தரம் பார்ப்பதும் அவர்தான். மனிதர் இழுப்பார், கிள்ளுவார், கடைசியில் குல்லாவைக் கிண்ணம்போல் மல்லாத்திப் பிடித்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவார். சொட்டு விழுந்தால் தள்ளுபடிக் கூடைதான். சொந்தத் தம்பியின் கையுறையையே தள்ளினார். தம்பி இரண்டு மாதம் பேசவில்லை. காதுக்கு நிம்மதியாக இருந்தது என்றார்.

“வாங்குறவன் தலையில போடப்போறான், தண்ணியா குடிக்கப்போறான்?” என்று கேட்டால், “இன்னைக்குத் தண்ணி எறங்குனா நாளைக்குக் காத்து எறங்கும்” என்பார்.

உண்மை வேறு. ஒரு வருஷமாக ஊசிமுனை அவருக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. கண்ணால் பிடிக்க முடியாத பிழையைத் தண்ணீரை விட்டுப் பிடிக்கிறார். இது மனைவி யூஸ்டாக்கியாவுக்குக்கூடத் தெரியாது என்பது அவர் எண்ணம்.

மகள் நாட்டிவிடாதுக்கு செல்சோ யூக்ரா மேல் மனசு. பெண் கேட்கிறவன் தன் கையால் பின்னிய குல்லா நாலு பேர் முன்னால் தண்ணீர் தாங்கவேண்டும் என்பது முறை. செல்சோவுடையது இரண்டு தரம் ஒழுகிவிட்டது. இரண்டாம் தரம் விழுந்த ஒரே சொட்டு அப்பாவின் உள்ளங்கை வியர்வைதான் என்று மகள் இன்றைக்கும் சாதிக்கிறாள். இந்த முறையும் ஒழுகினால் அக்கரையிலுள்ள பூனோ நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவதென்று பையன் முடிவு செய்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூன்றாவது குல்லாவோடு வந்து நின்றான். “மாமா, பாருங்க.”

“மாமாவா இல்லையான்னு தண்ணி சொல்லட்டும்.”

ஊற்றினார். எல்லோரும் குல்லாவின் அடியையே பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. விரலால் தடவினார், காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்றார். பக்கத்துக் கடைக்காரரின் மீன் சூப் ஆறிப்போனது. இன்னும் கொஞ்சம் என்றார்.

மைதானத்து ஓரமாக அம்மாவோடு உட்கார்ந்து இடைக்கச்சை நெய்துகொண்டிருந்த நாட்டிவிடாது எழுந்து வந்தாள்.

“உங்க குல்லாவக் குடுங்கப்பா. போன மாசம் பின்னுனதுதானே? அதுலயும் ஊத்திப் பாப்போம்.”

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார் சில்வேரியோ. இத்தனை நாளாக அடுத்தவன் குல்லாவையெல்லாம் சோதித்த கை அவரைச் சொல்லவிடவில்லை. கழற்றினார். பாதி நரை, பாதி வழுக்கை. செல்சோவின் குல்லாவிலிருந்த தண்ணீரை மகள் இதில் மாற்றினாள். நாலு இடத்தில் ஒழுகி அவர் செருப்பு நனைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. யூஸ்டாக்கியா தறியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “ஊசியத் தடவித் தடவித் தேடுறப்பவே எனக்குத் தெரியுங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அவருக்கும் சட்டம் சட்டம்தானே. சிவப்புக் குல்லாவைப் பிழிந்து தள்ளுபடிக் கூடையில் தானே போட்டார். ஏரிக்கரை வெயில் மண்டையைப் பிளந்தது. செல்சோவின் குல்லாவை எடுத்து, மேல்பாதி வெள்ளையோடு ஈரமாகவே தலையில் மாட்டிக்கொண்டார்.

“இந்த வயசுல யாரப் பொண்ணு பாக்கப் போறீங்க?” என்றாள் யூஸ்டாக்கியா. அப்புறம்தான் மைதானம் சிரித்தது.

சில்வேரியோ இடுப்புப் பையைத் துழாவி ஒரு பெரிய சிவப்பு நூலுண்டையை எடுத்தார். செல்சோவின் கையில் வைத்து அழுத்தினார்.

“ரெண்டு குல்லாவுக்கு வரும். மொதல்ல என்னுதப் பின்னு.”