குடியிருந்த வீட்டுக்கே தரகனானேன்

வீடு விற்றுக்கொடுக்கிறவன் வாடகை வீட்டில்தான் குடியிருப்பான். எங்கள் தொழிலின் தலையெழுத்து அது. பிஜியில் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு தலைநகர் சுவாவைச் சுற்றி நம் இந்தியர்களில் யாரைப் பார்த்தாலும் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்தார்கள். விற்க ஊரே நின்றது, வாங்கத்தான் நாதியில்லை. வாடகை கொடுத்துக் காலம் தள்ளுகிற உங்களுக்கு என் பாடு புரியும்.

பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது

சுவாவை ஒட்டிய நகாசியில் அடுத்தடுத்து இரண்டு வீடு. ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார், மற்றதில் பஸ் கம்பெனிக் கணக்கர். இருவருமே கனடா போவதாக என்னிடம் தனித்தனியே ரகசியம் சொன்னார்கள். பலகை வைக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரனும் விற்க வந்துவிட்டால் விலை இன்னும் சரியும் என்று இரண்டு பேருக்கும் ஒரே பயம்.

வாத்தியார் வீட்டைக் காட்ட ஆள் கூட்டிப்போனால் கணக்கர் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பார். "அவங்க சொந்தக்காரங்க" என்று சமாளிப்பேன். எத்தனை சொந்தக்காரர்கள்! கடைசியில் விசாவுக்கான மருத்துவச் சோதனையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாத்தியார் நேராக என்னிடம் வந்து கத்தினார்: "அவன் போறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் முந்தியிருப்பேனே, பாவி!"

ஆக்லாந்திலிருந்து போன்

எங்கள் வீட்டுக்காரர் முன்பே ஆக்லாந்து போய்ச் சேர்ந்த மனிதர். ஒருநாள் போன் செய்து, "தம்பி, நகாசி வீட்டை வித்துக் குடுப்பா" என்றார். அதாவது, நாங்கள் இருக்கிற வீட்டை. என் மனைவி சரசு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே. சிட்னியில் இருக்கும் அவள் அண்ணன் கூப்பிட்டும் போகமாட்டேன் என்றவள்.

"நாமே வாங்கிடலாமா?" என்றேன். கேட்டேனே தவிர, வாங்கிய பிறகு மறுபடி ஆட்சி கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. வாங்காவிட்டால் எங்கே போவது என்ற பயம் அவளுக்கு. பயத்தோடு அவளுக்குக் கோபமும் சேர்ந்துகொண்டது. "இன்னும் இறங்கும், பொறுங்கன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க, நீங்களா வாங்கப் போறீங்க!"

கொப்பரை வியாபாரி

வேறு வழி? என் வீட்டுக்கு நானே ஆள் கூட்டிவந்தேன். வடக்குத் தீவிலுள்ள சவுசவு என்ற ஊரிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி வந்தார். சரசுவை, "இங்கே வாடகைக்கு இருக்கிற அம்மா" என்று அறிமுகம் செய்தேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! தேநீர் கொடுத்த கையோடு, காற்றடித்தால் கூரைத் தகரம் ஆடும், வெயில் நாளில் குழாயில் தண்ணீர் வராது, கொல்லைப் பக்கம் சேறு என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். ஓடிவிடுவார் என்று நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவரோ தேநீரை ரசித்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு உண்மை பேசற வீட்டை நான் பார்த்ததே இல்லை, முடிச்சிடுங்க."

முன்பணம் கொடுக்க வந்த நாள்

அன்று காலை சரசு சாப்பிடவில்லை. வியாபாரி பணத்தோடு வந்து, "குடியிருக்கிறவங்க எப்போ காலி பண்ணுவாங்க?" என்றார். மறைக்க முடியவில்லை, அந்த அம்மா என் சம்சாரம், குடியிருப்பது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் எடுத்த பணத்தை மறுபடி பைக்குள் வைத்தார். "தரகன் நீ, உள்ளேயே குடியிருக்கே, இவ்வளவு மலிவா வந்தும் நீயே வாங்கலை. என் தலையில ஏன் கட்டறே?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததே! உடனே ஆக்லாந்துக்குப் போன் செய்து, எனக்கே கொடுங்கள் என்றேன். வீட்டுக்காரருக்கு என்னைவிட நிம்மதி. கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது எனக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. "இன்னும் இறங்கினா என்ன பண்றது சரசு?" அவள் சிரித்தாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு. "இறங்கட்டும், இனி யாரு விக்கப் போறாங்க?"

விலை அதற்குப் பிறகும் இறங்கத்தான் செய்தது, ஆனால் ஊரிலேயே அதைக் கேட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிய தரகன் நான் ஒருவன்தான்.