நீல நாக்கோடு வந்த அண்ணி

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கேண்டீனில் முந்நூறு பேருக்குச் சமைப்பவளை எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான்: அங்கேயே காய் நறுக்கும் நாத்தனார். மற்றவர்களுக்கு அது அவளிடமிருந்து தொற்றிக்கொண்டது.

பதினாறு வருடமாக அண்ணி அளவு பார்த்து உப்புப் போட்டதில்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் போதும். அந்த வாய்தான் ஒரு நாள் மக்கர் பண்ணியது. கன்னத்தின் உள்பக்கம் வலை பின்னிய மாதிரி வெள்ளைக் கோடுகள். காரம் பட்டால் தீயாய் எரிந்தது. களிம்பு தடவினாள். எரிச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ருசி பார்க்கும் வேலை நாத்தனார் கைக்குப் போனது.

"அண்ணி, சூப் குடிச்சா கடல்ல முங்கி எழுந்த மாதிரி இருக்கு!" என்றார் மேற்பார்வையாளர். அன்றிலிருந்து நாத்தனார் உப்பில் கை வைக்கும்போதெல்லாம் அண்ணியின் திட்டு விழுந்தது.

பல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க. வாரா வாரம் புதன்கிழமை வாங்க, ஒளி சிகிச்சை செஞ்சு பாக்கலாம். நீல மருந்து தடவி, அதுமேல சிவப்பு வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் படாத வரைக்கும் மருந்து சும்மாவே இருக்கும், பட்டாத்தான் வேலை செய்யும்" என்றார்.

"எங்க கேண்டீன்லயும் அப்படி ரெண்டு பேர் இருக்காங்க டாக்டர். நான் பக்கத்துல நின்னாத்தான் வேலை செய்வாங்க."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் முகக்கவசம் மூக்கிலிருந்து நழுவியது.

வாய்தான் பேசியதே தவிர, அண்ணிக்குப் பயம்தான். கறுப்புக் கண்ணாடி மாட்டிச் சாய்ந்தபோது நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. பேனா மாதிரி ஒன்று கன்னத்தருகே வந்தது. லேசான சூடு, அவ்வளவுதான். எழுந்து கண்ணாடியில் பார்த்தால், மைக்கூட்டைக் குடித்தவள் மாதிரி வாயெல்லாம் நீலம்!

அப்படியே வேலைக்குப் போனாள். பரிமாறும் இடத்தில் அவள் வாயைத் திறந்ததும் வரிசையே குலுங்கிச் சிரித்தது. முதலில் கோபம் வந்தது. பிறகு அவளே நாக்கை நீட்டிக் காட்டினாள். அதிலிருந்து புதன்கிழமைதோறும் சாப்பாட்டு வரிசை சீக்கிரமே நீள ஆரம்பித்தது.

ஆறாவது தடவைக்குள் எரிச்சல் நன்றாக அடங்கிவிட்டது. "இது மறுபடி தலைகாட்டலாம், அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் ஆசையோடு கரண்டியை எடுத்து சூப்பை நாக்கில் வைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணிக்குச் சுருக்கென்றது.

"என்னடி போட்ட?"

"ஆறு வாரமா நீங்க திட்டினதைத்தான்" என்றாள் நாத்தனார்.

அண்ணி சிரித்துவிட்டாள். கரண்டியை அவளிடமே கொடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.