பனித் தீவின் ஜனாதிபதியும் ரூவியில் ஒரு வீடும்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஓமான் நாட்டில், ரூவியில் நர்ஸாக இருந்தேன். கணவரைப் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு மலையாளிக் குடும்பத்தின் ஃப்ளாட்டில் ஓர் அறை எடுத்து மகளோடு தங்கியிருந்தேன். அவர்கள் ஊருக்கே திரும்புவதாகச் சொன்னதும் வீடு தேட வேண்டியதாயிற்று.

டியூட்டி முடிந்து புரோக்கர் புரோக்கராக ஏறி இறங்கினேன். எல்லாரும் முதலில் கேட்டது கணவர் எங்கே என்றுதான்: "ஹஸ்பெண்ட் கிதர் ஹை?" இல்லை என்றதும் சாவி மேசைக்குள் போய்விடும். நாகர்கோவிலிலிருந்து அண்ணன் போனில் கத்தினார்: "பிள்ளையக் கூட்டிட்டுப் பேசாம வந்துரு. தனியா ஒரு பொம்பள அங்க இருந்து என்ன செய்யப் போற?"

அந்த வாரம் மகளின் பள்ளியில் பேச்சுப் போட்டி. ஏதாவது ஒரு நாட்டுத் தலைவரைப் பற்றிப் பேச வேண்டும். இவள் ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு பனித் தீவுக்கு ஜனாதிபதியாக இருந்த பெண்மணியைப் பிடித்துக்கொண்டாள். பெயர் என் வாயில் நுழையவில்லை.

நான் சப்பாத்தி தேய்க்க, அவள் பேசிப் பார்த்தாள். அந்தப் பெண்மணி விவாகரத்தானவர். தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் வழக்கமில்லாத நாளிலேயே ஒரு மகளைத் தத்தெடுத்து வளர்த்தவர். நாடகக் குழுவை நடத்தினார். டிவியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். பிறகு மூன்று ஆண்களை எதிர்த்துத் தேர்தலில் நின்று, சொற்ப வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். உலகிலேயே மக்கள் வாக்களித்து ஜனாதிபதியான முதல் பெண். பதினாறு வருடம் இருந்துவிட்டுத் தானாகவே விலகினார்.

"வீட்டுக்காரர் இல்லாம எப்படின்னு யாரும் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாங்கம்மா. பட், அவங்க நின்னாங்க."

மறுநாள் புரோக்கர்களை விட்டுவிட்டு, அவர்கள் சாவி தர மறுத்த ஒரு கட்டடத்தின் சொந்தக்காரர் கடைக்கே மகளோடு போனேன். வயதான ஓமானி. "ஹஸ்பெண்ட் மாஃபி, இல்லை. வாடகை நான் தருவேன். என் ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொள்ளுங்கள்" என்றேன் தெரிந்த அரபியும் இந்தியும் கலந்து. பிறகு வரச் சொன்னார். பதில் தெரியாமல் போவதாக இல்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். நான் எழவில்லை. கடைசியில் அவர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுப் பேசினார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். "கலாஸ்", முடிந்தது என்று சாவியை நீட்டினார்.

போட்டியில் மகளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. இரண்டு நாள் உம்மென்று இருந்தாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "வீடு கெடச்சாச்சு அண்ணா. நான் வரல."

"தண்ணி ஒழுங்கா வருதா?" என்றார்.

"வருது."