லீடரை நிறுத்திப் பார்த்தோம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும். என் அண்ணி அங்கே உப்பு வாரப் போகிறவர். அந்த மழைக்காலத்தில் அவரும் வீட்டில்தான் இருந்தார், நானும் வீட்டில்தான் இருந்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட்டுகளைச் சோதித்துக் கொடுப்பது என் வேலை. லேப்டாப் இருந்தால் போதும்.

வேலைக்கு வெளியே ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. டவர் இல்லாமல், வைஃபை இல்லாமல், தீப்பெட்டி அளவுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்றும், தூரத்துக் கருவிக்குப் போகவேண்டிய செய்தியை நடுவில் இருப்பது வாங்கிக் கொடுக்கும் என்றும் படித்திருந்தேன். அண்ணி வேலை செய்யும் உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் போன் எடுக்காது. அங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வரப்பு மேலேயே நடந்து போகவேண்டும். இந்தக் கருவிகளை அங்கே வைத்தால் என்ன ஆகும்? அவற்றை இயக்கும் மென்பொருளை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். கருவி வாங்கும் முன்பே லேப்டாப்புக்குள் போலிக் கருவிகளை ஓடவிட்டுப் பார்க்கவும் வழி இருந்தது.

அதற்கு லேப்டாப்பைத் தயார் செய்யவேண்டும். விண்டோஸுக்குள் லினக்ஸைப் போட்டேன். மென்பொருளின் நிரலை ஜிப் ஃபைலாக இறக்கினேன். அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவரக் கட்டளை கொடுத்த இரண்டாவது நிமிடம் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வந்தது. ஏதோ ஒரு ஃபைல் இல்லையாம். அதைத் தேடிப் போட்டால், அடுத்தது இல்லை என்றது.

"மூணு நாளா அதே சிவப்பையே பார்த்துட்டிருக்கற. என்னாதான் சொல்லுது அது?" என்று கேட்டார் அண்ணி.

"ஏதோ ஒண்ணு இல்லையாம், அண்ணி."

"யாரையாச்சும் கேக்க வேண்டியதுதானே?"

கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் கேள்வியை எழுதிப் போட்டேன். மறுநாள் காலையில் முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதியிருந்தார்: "ஜிப்பாக இறக்கினீர்களா? அதில் எங்கள் நிரல் மட்டும்தான் வரும். நாங்கள் மற்றவர்களிடமிருந்து எடுத்துச் சேர்த்திருப்பது வராது. 'கிட்' (Git) என்ற மென்பொருள் வழியாக எடுங்கள், எல்லாம் சேர்ந்து வரும்."

அண்ணியிடம் சொன்னேன். "அப்ப டப்பாவ வாங்கிட்டு மூடிய கடையிலயே வுட்டுட்டு வந்திருக்க" என்று சிரித்தார்.

முழுவதையும் இறக்க எங்கள் தெருவில் போன் நெட் போதவில்லை. நான்கு முறை பாதியில் அறுந்தது. அண்ணியின் அம்மா வீடு இரும்பை கிராமத்தில். பக்கத்து வீட்டில் கேபிள் நெட் உண்டு. "நானும் அம்மாவப் பார்த்து நாளாச்சு, வா" என்று கூட்டிப் போனார். அவர்கள் மீன்குழம்பு வைத்து இறக்குவதற்குள் எல்லாம் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மறுபடி கட்டளை கொடுத்தேன். இந்தத் தடவை சதவீதம் ஏறிக்கொண்டே போனது. நூறு வந்தபோது ஒரு சத்தமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்து இரண்டு போலிக் கருவிகளை ஓடவிட்டேன். முதலாவதிடம் அதன் நிலை என்ன என்று கேட்டேன். 'லீடர்' என்றது, அதாவது கூட்டத்தை நடத்துவது. இரண்டாவது, அதைச் சார்ந்து நிற்கும் 'சைல்ட்' என்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது அதுவே மற்றவற்றின் செய்தியைக் கடத்திவிடும் 'ரவுட்டர்' ஆகியிருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினால் பதில் வந்தது. கத்தியே விட்டேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"லீடர்னு யாரு வெச்சது? நீயா?"

"நான் வெக்கலை. அதுங்களே முடிவு பண்ணிக்குது."

"அந்த லீடர் ஒரு நாளு வரலன்னா?"

அதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. "நிறுத்திப் பார்க்கலாமா?" என்றேன். "நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

இரண்டாவது 'ரவுட்டர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் போனது. "அதுக்கு இன்னும் தெரியல போல" என்றார் அண்ணி. மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் தாண்டியதும் பதில் மாறியது: 'லீடர்'.

அண்ணி திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "இப்ப பழையவன எழுப்பு. சண்ட வருதா பார்ப்போம்."

எழுப்பினேன். சண்டை வரவில்லை. பழைய லீடர் சத்தமில்லாமல் 'சைல்ட்' என்று வந்து சேர்ந்துகொண்டது.

"பரவால்லயே!" என்றார். எனக்குத்தான் மண்டைக்குள் கேள்வி குறையவில்லை. ஏன் இரண்டு நிமிடம்? யார் வைத்த கணக்கு அது? அன்றைக்கே நிரலைத் திறந்து அந்த எண்ணைத் தேடினேன். ஒரு ஃபைலில் ஒற்றை வரியாக, நூற்றிருபது நொடி என்று இருந்தது.

அந்த மென்பொருளை நிறுவும் முறையைச் சொல்லும் பக்கத்தில், ஜிப்பாக இறக்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அதைச் செய்கிறவர்களுக்கு அனுப்பினேன். என் ஆங்கிலத்தை இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

தையில் மூன்று நிஜக் கருவிகள் வாங்கினோம். உப்பளத்தில் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு அண்ணி வரப்பில் நடந்தார். ஓரிடத்துக்கு மேல் தொடர்பு அறுந்தது. நடுவில் ஒரு கம்பு நட்டு மூன்றாவதை அதில் கட்டினோம். அண்ணி கடைசிப் பாத்தி வரைக்கும் போய்விட்டார். அவர் கையிலிருந்த கருவி என் திரையில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றே வாரத்தில் உப்புக் காற்று பட்டுக் கம்பிலிருந்த கருவியின் உலோகக் கால்கள் துருப்பிடித்துவிட்டன. காற்று புகாத பெட்டி தேடிக்கொண்டிருக்கிறோம். இட்லி மாவு வைக்கும் டப்பாவில் ஒன்றை அண்ணி இப்போதைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.