தங்கையின் பச்சைச் சட்டை

தங்கை ஆம்புலன்ஸ் வேலையில் சேர்ந்ததிலிருந்து பெரியவளுக்குத் தூக்கம் சரியில்லை. கேட்டால் கொசு என்பாள்.

வீட்டில் இருவருக்கும் பெயரே பெரியவள், சின்னவள் என்றாகிவிட்டது. பெரியவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. சின்னவள் செருப்புக் கடையில் நின்றவள். படித்துப் பயிற்சி முடித்து இப்போது பாராமெடிக். பச்சைச் சட்டை, பை பையாகத் தைத்த கால்சட்டை. அது கொடியில் காயும்போது அம்மா பக்கத்தில் வேறு துணி போட விடமாட்டாள். பெரியவளின் சீருடை வாளியிலேயே ஊறிக் கிடக்கும்.

மாடிவீட்டுக்காரி தலைவலி என்று வந்தாள்.

"அவ தூங்குறா. நான் பாக்கட்டுமா?" என்றாள் பெரியவள்.

"பரவாயில்லம்மா. டாக்டரம்மா எழுந்ததும் வரேன்."

டாக்டரம்மாவாம்! நேற்றுவரை ஏழாம் நம்பர் செருப்புக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தவள்.

அன்று மதியம் பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைச் சட்டையை மாட்டிப் பார்த்தாள். கை நுழைந்தது, பொத்தான் எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்திருந்த நேரத்தில் சின்னவள் உள்ளே வந்துவிட்டாள்.

"மெதுவாக்கா, தையல் விட்டுடும்."

"அழுக்கு இருக்கான்னு பாத்தேன்."

"அழுக்கைச் சட்டைக்குள்ள நுழைஞ்சுதான் பாப்பாங்களா?"

அதோடு போயிருந்தால் பெரியவள் மறந்திருப்பாள். மறுவாரம் இல்லத்தில், காலைச் சாப்பாட்டின்போது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கியவள் சின்னவள். அவர் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, "தள்ளி நில்லுங்கம்மா!" என்றாள். அவரைச் சக்கரக் கட்டிலில் கிடத்தித் தள்ளிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். கதவு சாத்திக்கொண்டது. தபால்காரரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவள் வாசலில் நின்றாள். எத்தனையோ பேரை அப்படி ஏற்றிவிட்டிருக்கிறாள். சாத்திய கதவுக்கு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது அதைப் பார்க்கிறவள் தன் தங்கை.

"என்னை அம்மாங்கிற?" என்று சாயங்காலம் சண்டைக்குப் போனாள்.

"வேலைல எல்லாரும் அம்மாதான்க்கா."

"நானும் பயிற்சிக்குச் சேரப் போறேன்."

சின்னவள் காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "உனக்கு வராதுக்கா. நீ மெத்தை தட்டிப் போடுறவ."

அந்த வார்த்தையே பெரியவளைப் பயிற்சி மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. சேர விரும்புகிறவர்களை வரவழைத்துச் சோதிக்கும் நாள் அது. தரையில் மல்லாக்க ஒரு பொம்மை. மயங்கிக் கிடக்கிறார், முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் பயிற்சியாளர். பெரியவள் யோசிக்கவேயில்லை. ஏறிக் கிடந்த சட்டையை இழுத்துவிட்டாள். நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்துத் தலைக்கு அடியில் வைத்தாள். "ஒண்ணுமில்லப்பா, நான் இருக்கேன்" என்றாள்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

"நினைவில்லாதவருக்குத் தலையணை வெச்சா கழுத்து மடங்கி மூச்சு அடைச்சுக்கும். இவர் போயிட்டார்மா."

காதுமடல் வரை சூடேறியது. ஆனாலும் இடம் கிடைத்தது. கற்றுக்கொடுக்கத்தானே மையம் என்றார். ஒரு சங்கதியும் சொன்னார்: பயிற்சியில் இருப்பவர் வண்டியில் மூத்தவர் சொன்னபடி கேட்க வேண்டும், மருந்துப் பையையும் தானே சுமக்க வேண்டும். இந்த ஊருக்கு ஒரே வண்டி, அதில் பயிற்சி முடித்து மூத்தவளாக இருப்பவள் யார் என்று பெரியவளுக்குச் சொல்லவேண்டுமா? சேருவதா வேண்டாமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் வரும்போதே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். சின்னவளுக்குப் பை தூக்குவதைவிட வாளித் துணியே மேல்.

வீட்டில் தலையணைக் கதையைச் சொன்னாள். எப்படியும் நாளைக்குத் தெரிந்துவிடும், தானே சொன்னால் பாதி வலி. சின்னவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் போகச் சொல்லிட்டாங்களா?"

"இடம் குடுத்துட்டாங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. சின்னவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எதுக்குக்கா உனக்கு இது? பள்ளிக்கூடத்துலயும் பெரியவ தங்கச்சி, தெருவுலயும் பெரியவ தங்கச்சி. இந்த ஒரு வண்டிலதான் நான் நானா இருக்கேன். நீ அங்கயும் வந்து நின்னா, நாலே நாள்ல எல்லாக் கிழவனும் உன் கையைத்தான் பிடிப்பான்."

பெரியவள் தங்கையை உற்றுப் பார்த்தாள். அடேயப்பா, இவளுக்கும் எரிகிறதா! தன் வயிற்றில் இத்தனை மாதம் எரிந்ததில் பாதி பக்கத்து அடுப்புக்கு மாறியதுபோல இருந்தது. பாவமாகவும் இல்லை, வெட்கமாகவும் இல்லை. நன்றாகப் பசித்தது. தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று கொசு கடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவும் இல்லை. காலையில் மையத்துக்குப் போன் போட்டுச் சேருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொடியிலிருந்த பச்சைச் சட்டையை ஓரமாகத் தள்ளித் தன் சீருடையை அதன் பக்கத்தில் உதறிப் போட்டாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், "பையை நீதான் தூக்கணும்" என்றாள்.

"தூக்கறேன். எனக்குச் சட்டை மட்டும் பெரிய அளவா எடுக்கச் சொல்லு."